நிலத்துக்கு மேல் நிற்கும் நீச்சல் தடாகம்: சுற்றுமண்ணில் வரும் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

கனடாவின் ரொறன்ரோப் பகுதியில், ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ரன் பக்கம் பின்வளவில் தகரச் சுவர்த் தடாகம் வைத்திருப்பவர்களுக்கான வழிமுறை இது. கணக்குகள் எல்லாம் 24 அடி விட்டம், 52 அங்குலச் சுவர், உள்ளே வைனில் லைனர் (தண்ணீரைப் பிடித்து வைக்கும் பிளாஸ்ரிக் உள்ளுறை) போட்ட வட்டத் தடாகத்துக்கு உரியவை. அதில் 4 அடி தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 51,000 லீற்றர். பாரம் 51 தொன். அத்தனையும் களிமண்ணின் மேல் உட்கார்ந்திருக்கிறது. களிமண் தண்ணீரை மெல்லத்தான் குடிக்கும், மெல்லத்தான் விடும். அதனால் சுற்றுமண்ணில் தெரிகிற கோளாறுகளில் பெரும்பாலானவை தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் வந்தவை. பூச்செடியும் கல்லும் வாங்குமுன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்த்துவிடுங்கள். தண்ணீருக்கு வழி காட்டாமல் கொட்டிய கல் இரண்டு குளிர்காலத்துக்குள் சேற்றுக்குள் போய்விடும்.

மண்வெட்டியை எடுக்குமுன்

ஒன்ராறியோவில் எவ்வளவு ஆழமில்லாத குழி என்றாலும் வெட்டுமுன் 'ஒன்ராறியோ வன் கோல்' சேவைக்குச் சொல்ல வேண்டும். காசு இல்லை. குறைந்தது 5 வேலைநாள் முன்னதாகச் சொன்னால் எரிவாயுக் குழாய், மின்கம்பி, தொலைபேசிக் கம்பி போகும் இடங்களில் நிறம் அடித்துக் கொடி குத்திவிட்டுப் போவார்கள். ஆனால் உங்கள் வீட்டிலிருந்து தடாகப் பம்புக்குப் போகிற கம்பி உங்களுடைய சொந்தக் கம்பி. அதை அவர்கள் குறிக்க மாட்டார்கள். அது எந்த வழியாகப் போகிறது என்று நீங்களே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

தடாகத்தைச் சுற்றிப் புல்லை உரிக்கும்போது உறையில்லாத செப்புக் கம்பி ஒன்று தட்டுப்படலாம். பழைய கம்பி என்று நினைத்து வெட்டி எறிந்துவிடாதீர்கள். தடாகத்தின் உலோகப் பாகங்களையும் பம்பையும் ஒரே மின்னழுத்தத்தில் வைத்திருப்பது அதுதான். அது இல்லாமல் போனால், பம்பில் ஒரு சிறு மின்கசிவு வந்தாலும் ஈரக் காலோடு ஏணியைப் பிடிப்பவருக்கு அதிர்ச்சி அடிக்கும். வெட்டுப்பட்டுவிட்டால் மின்சாரத்தை நிறுத்தி, உரிமம் உள்ள மின்வேலையாளைக் கூப்பிடுங்கள்.

மண் வெட்டும் பதத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் இறுக்கிப் பிடித்துத் திறவுங்கள். உருண்டையைப் பெருவிரலால் அழுத்தும்போது உதிர்ந்தால் வேலை செய்யலாம். உதிராமல் பெருவிரல் ரேகை அதில் பதிந்து நின்றால் மண் இன்னும் ஈரம். அந்த நிலையில் மிதித்து வெட்டினால் களிமண் இறுகிச் சட்டிபோல ஆகிவிடும், பிறகு தண்ணீர் இறங்கவே இறங்காது. ஏப்ரலில் அவசரப்பட வேண்டாம். மே நடுப்பகுதிக்குப் பிறகு தொடங்குவது நல்லது.

அறிகுறி: தடாகத்தின் அருகே நிலம் எப்போதும் சதசதவென்று இருக்கிறது

இதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம்: தடாகக் கசிவு, கூரைத் தண்ணீர், வடிகட்டி கழுவிய தண்ணீர், அயல் வளவுகளிலிருந்து வரும் தண்ணீர். எதுவென்று தெரியாமல் குழி வெட்டுவது வீண் வேலை.

முதலில் கசிவைச் சோதியுங்கள். ஒரு வாளியில் தடாகத் தண்ணீரை நிரப்பி, தடாகத்துக்குள் இருக்கும் ஏணிப் படியில் வையுங்கள். வாளிக்குள் நிற்கும் தண்ணீரும் வெளியே நிற்கும் தண்ணீரும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இரண்டு மட்டத்தையும் ஒட்டுநாடாவால் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். அந்த நேரத்தில் யாரும் குளிக்கக்கூடாது, மழையும் பெய்யக்கூடாது. வெயிலில் ஆவியாவது இரண்டிலும் ஒரே அளவுதான். கோடைநாளில் கால் அங்குலம் வரை இறங்கும். வாளியைவிடத் தடாகம் கூடுதலாக இறங்கியிருந்தால் கசிவு உண்டு. இந்தத் தடாகத்தில் 1 அங்குலம் என்றால் 1,000 லீற்றருக்கு மேல். 'கொஞ்சம்தானே குறைகிறது' என்று விடக்கூடிய அளவா அது?

கசிவு எங்கே என்பதை ஈரம் நிற்கும் இடமே ஓரளவு காட்டிவிடும். ஸ்கிம்மருக்கு (மேல்மட்டத் தண்ணீரையும் குப்பையையும் இழுக்கும், சுவரில் பதித்த பெட்டி) நேர்கீழே மட்டும் ஈரமென்றால் அதன் ரப்பர் வளையம். தண்ணீர் ஸ்கிம்மர் வாயின் அடிவிளிம்பு வரை இறங்கி அங்கேயே நின்றுவிட்டால் சந்தேகமே வேண்டாம். பம்பின் பக்கம் ஈரமென்றால் குழாய் இணைப்பு. சுவரின் அடியிலிருந்து ஈரத்தோடு மணலும் வெளியே வந்தால் லைனரின் அடிப்பாகம் கிழிந்திருக்கிறது. இது மற்றவற்றைவிட மோசம், ஏனென்றால் தடாகம் உட்கார்ந்திருக்கும் மணலையே தண்ணீர் கரைத்துக்கொண்டு போகிறது. அதை அன்றைக்கே கவனிக்க வேண்டும்.

இன்னொரு சுலபமான சோதனை உண்டு. தேங்கி நிற்கும் தண்ணீரில் தடாகத்துக்குப் பாவிக்கும் சோதனைத் தாளைத் தோய்த்துப் பாருங்கள். குளோரின் கட்டத்தை நம்ப வேண்டாம், மண்ணில் பட்டவுடன் குளோரின் அழிந்துவிடும். ஸ்டெபிலைசர் (குளோரினை வெயிலில் அழியாமல் காக்கும் மருந்து) கட்டத்தைப் பாருங்கள். மழைத்தண்ணீரில் ஸ்டெபிலைசர் இருக்காது. அது காட்டினால் அந்தத் தண்ணீர் தடாகத்திலிருந்தே வந்தது. காட்டாவிட்டால் வாளிச் சோதனை சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கசிவு இல்லையென்றால் கூரையைப் பாருங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் 2,300 லீற்றர் தண்ணீர் பீலி வழியாக இறங்கும். அந்தக் குழாயின் வாய் தடாகத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. நீட்டுக்குழாய் போட்டுத் தடாகத்தைத் தாண்டிய தாழ்வான பக்கத்துக்குத் தண்ணீரைக் கொண்டுபோங்கள். இருபது முப்பது டொலர் வேலை.

மணல் வடிகட்டியைத் திருப்பிக் கழுவும்போது ஒரு தடவைக்கு 400 முதல் 600 லீற்றர் வரை வெளியேறும். ஒவ்வொரு கிழமையும் அதே இடத்தில் விட்டால் அந்த இடம் சதுப்பாகத்தான் செய்யும். நீண்ட தட்டைக்குழாய் ஒன்றை வாங்கி, விடும் இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். தடாகத்திலிருந்து 20 அடியாவது தள்ளி, உங்கள் வளவுக்குள்ளேயே விடுங்கள். அயலவர் வளவுக்குள் ஓடவிடுவதும் வீதியோர மழைநீர்க் கால்வாய்க்குள் விடுவதும் கூடாது. அந்தக் கால்வாய் சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல் நேரே ஓடைக்குப் போகிறது. குளோரினும் உப்பும் மீன்களைக் கொல்லும்.

நான்காவது காரணம்தான் புதுக் குடியிருப்புகளில் அதிகம், ஆனால் கடைசியாகத்தான் கண்ணில் படும். வேலியோரமாக ஓர் ஆழமில்லாத பள்ளம் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். புல் மூடியிருப்பதால் சும்மா பள்ளம்போல இருக்கும். அது நாலைந்து வீட்டு மழைத்தண்ணீரை எடுத்துப்போவதற்காகக் கட்டும்போதே திட்டம் போட்டு வெட்டிய வடிபள்ளம். தடாகத்துக்கு வெட்டிய மண்ணை அதில் கொட்டி நிரவிவிட்டால், முதல் பெருமழைக்கு உங்கள் தடாகம் தீவாகும், அயலவரின் நிலவறைக்குள் தண்ணீர் போகும். பிறகு நகராட்சிக் கடிதம் வரும். கொட்டிய மண்ணை முழுவதும் எடுத்துப் பள்ளத்தைப் பழைய ஆழத்துக்குக் கொண்டுவருவதைத் தவிர வேறு பரிகாரம் கிடையாது. குழாய் புதைத்துச் சமாளிக்கலாம் என்று சொல்லும் ஒப்பந்தக்காரரை நம்பாதீர்கள். சிறு குழாய் அந்தப் பள்ளத்தின் கொள்ளளவுக்குக் கிட்டவும் வராது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஈரம் நிற்கிறதென்றால் வடிகால் வெட்டலாம். தடாகச் சுவரிலிருந்து 4 அடி தள்ளி, மேட்டுப் பக்கத்தில், 12 அங்குல அகலம் 18 அங்குல ஆழம். ஒவ்வொரு 8 அடிக்கும் 1 அங்குலம் சரிவு. உள்ளே வடிகால் துணியை (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) இரண்டு பக்கமும் மேலே வரும்படி விரித்து, 2 அங்குலத் தடிப்புக்கு முக்கால் அங்குலக் கழுவிய சல்லி, அதன்மேல் 4 அங்குலத் துளைக்குழாய், மறுபடி சல்லி, கடைசியில் துணியை மடித்து மூட வேண்டும். குழாயின் துளைகள் கீழே பார்த்திருக்கட்டும். மேலே பார்த்தால், சுற்றியுள்ள சல்லிக்குள் தண்ணீர் குழாயின் மேல்மட்டம் வரை ஏறும்வரை அது குழாய்க்குள் போகாது. மறுமுனை வளவின் தாழ்வான இடத்தில் வெளியே திறந்திருக்க வேண்டும். குழாயின் முடிவில் ஊறுகுழி தோண்டலாமே என்று கேட்பவர்கள் முதலில் 12 அங்குலக் குழியொன்று வெட்டி, ஒருமுறை தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். அரை அங்குலம்கூட இறங்காவிட்டால் அந்த மண்ணில் ஊறுகுழி தோண்டுவது தண்ணீர்த் தொட்டி கட்டுவதற்குச் சமம்.

அறிகுறி: தண்ணீர் ஒரு பக்கம் உயர்ந்தும் ஒரு பக்கம் தாழ்ந்தும் தெரிகிறது

தண்ணீர் ஒருபோதும் சாயாது, சாய்ந்திருப்பது தடாகம். ஒவ்வொரு தூணுக்கும் நேரே, மேல்விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை அளந்து எழுதுங்கள். மிகக் கூடிய அளவுக்கும் மிகக் குறைந்த அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் சாய்வு. 1 அங்குலத்துக்குள் என்றால் விட்டுவிடலாம், ஆனால் மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். 1 அங்குலத்துக்கும் 2 அங்குலத்துக்கும் இடையில் இருந்து மாதாமாதம் கூடிக்கொண்டு வந்தால், அந்தப் பருவம் முடிந்ததும் பிரித்து மட்டம் செய்ய வேண்டும். 2 அங்குலத்தைத் தாண்டினால் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போடக்கூடாது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? 4 அடி தண்ணீரின் அடியில் ஒவ்வொரு சதுர அடிச் சுவரையும் ஏறக்குறைய 250 இறாத்தல் தள்ளுகிறது. அதைத் தாங்குவது தகரத்தின் தடிப்பு என்று நினைப்பது தவறு. அது காகித அட்டையைவிடச் சற்றே தடித்த தகடு. பீப்பாயின் வளையம்போல வட்டமாக இழுபட்டு நிற்பதால்தான் தாங்குகிறது. ஒரு பக்கம் இறங்கினால் தாழ்ந்த பக்கத்தில் தண்ணீர் உயரும், பாரம் கூடும், மண் இன்னும் இறங்கும். வட்டம் குலைந்துவிட்டால் பிடிமானமும் போய்விடும்.

சாய்வுக்கு முக்கிய காரணம் தடாகம் வைக்கும்போது தாழ்வான பக்கத்தில் மண் போட்டு நிரவியது. போட்ட மண்ணை எவ்வளவு இடித்தாலும் 51 தொன்னுக்குக் கீழே அது இறங்கும். மேடான பக்கத்தைச் செதுக்கி எடுத்து, அசையாத பழைய மண்ணில் தடாகத்தை உட்காரவைப்பதுதான் சரியான முறை. கூடுதல் வேலைதான், ஆனால் ஒருமுறை செய்தால் போதும். ஒவ்வொரு தூணுக்கும் அடியில் 16 அங்குலச் சதுரக் கல் ஒன்று, நிலமட்டத்தோடு சமமாகப் பதிக்கப்பட்டு, ஒன்றுக்கொன்று மட்டமாக இருக்க வேண்டும். கல்லைப் புல்லின் மேல் வைத்திருந்தால் புல் மக்கும்போது கல்லும் இறங்கும்.

மட்டம் செய்ய தண்ணீரை இறைத்து, லைனரைக் கழற்றி, சுவரையும் கழற்ற வேண்டும். நிறைந்த தடாகத்தை ஜாக்கியால் தூக்கி அடியில் கல் செருகும் வேலையை யாரும் செய்யவேண்டாம். சுவர் வெடித்தால் அத்தனை தண்ணீரும் சில விநாடிகளில் வெளியே வரும், முன்னால் நிற்பவரை அடித்துப்போட அது போதும். சில வருடம் பாவித்த லைனர் வெறுமையானதும் சுருங்கிவிடும், மறுபடி இழுபடாமல் கிழியும். புது லைனரை முதலில் வாங்கிவைத்துக்கொண்டு பிறகு தண்ணீரை இறையுங்கள்.

சுவர் அடியில் வெளிப்பக்கமாகப் பிதுங்குகிறதா? ரசமட்டத்தைத் தூணில் நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். தூண் நேராக நின்று சுவர் மட்டும் அடியில் தள்ளியிருந்தால் உள்ளே மணல் கரைந்துவிட்டது. பிள்ளைகளை அந்தப் பக்கம் போகவிடாமல் உடனே தண்ணீரை இறக்கத் தொடங்குங்கள். காரணம் பிறகு பார்க்கலாம்.

அறிகுறி: சுவரடி மண் அரித்து அடித்தண்டவாளத்தின் (சுவர் ஏறி நிற்கும் உலோகச் சட்டம்) கீழ்ப்பக்கம் தெரிகிறது

குதிக்கும்போது தெறிக்கும் தண்ணீரும் மழையும் சுவரோரம் விழுந்து மண்ணை எடுத்துக்கொண்டு போகின்றன. அரித்த இடத்தில் தோட்டமண்ணைக் கொட்டுவதுதான் எல்லோரும் செய்வது. அடுத்த மழைக்கு அதுவும் போகும். போகாத இடத்தில் ஈரமாய்த் தகரத்தோடு ஒட்டி நின்று துருவை வளர்க்கும். இங்கே வேண்டியது கல் வளையம்.

சுவரிலிருந்து 3 அடி அகலத்துக்குப் புல்லை வேரோடு உரியுங்கள். சுவரருகே ஓர் அடிக்குள் அடித்தண்டவாளத்தின் மட்டத்துக்குக் கீழே மண்வெட்டி போகவே கூடாது; அதுதான் தடாகத்தின் அத்திவாரம். அங்கிருந்து வெளியே போகப்போக ஆழமாக்கி, வெளிவிளிம்பு சுவரடியைவிட முக்கால் அங்குலம் முதல் 1 அங்குலம் வரை தாழ்ந்திருக்கும்படி சரிவு கொடுங்கள். அரித்த பள்ளங்களில் சுண்ணாம்புக்கல் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, சிறிது ஈரமாக்கி, கையிடிகட்டையால் இடியுங்கள். அதிர்வு இயந்திரத்தை நிறைந்த தடாகத்தின் பக்கத்தில் ஓட்டாதீர்கள், உள்ளே இருக்கும் மணல் இறங்கும்.

அதன்மேல் வடிகால் துணி. கறுப்பு பிளாஸ்ரிக் தாள் போடுவது பெரும் பிழை. தண்ணீர் அதன்மேல் நின்று சுவரடிக்கே திரும்பி ஓடும். துணித் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று 6 அங்குலமாவது ஏறியிருக்கட்டும். வளையத்தின் பரப்பு 254 சதுர அடி. ஏறும் பகுதியையும் சேர்த்து 300 சதுர அடி வாங்குங்கள். வெளிவிளிம்பில் கரைப்பட்டி 95 அடி வேண்டும். பிறகு 3 அங்குலத் தடிப்புக்கு முக்கால் அங்குலக் கழுவிய சல்லி: 1.8 கனமீற்றர், ஏறக்குறைய 2.7 தொன். 3 தொன்னாகச் சொல்லுங்கள். தள்ளுவண்டியில் 20 நடைக்கு மேல் வரும், ஆளுக்கு ஆள் மாறித் தள்ளினால் ஒரு நாள் வேலை. பைகளில் வாங்கினால் விலை பல மடங்கு.

உருண்டைக் கூழாங்கல் பார்க்க அழகுதான். ஆனால் பட்டாணி அளவுக் கல் ஈரக் காலில் ஒட்டித் தடாகத்துக்குள் வந்துவிடும், லைனரின் மேல் மிதிபடும். உடைத்த சல்லி ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு அசையாது, வெறுங்காலுக்கு மட்டும் குத்தும். சுற்றிவரச் சல்லியும் ஏணி இறங்கும் இடத்தில் நாலடிச் சதுரத்துக்குத் தட்டைக் கல்லும் போட்டால் இரண்டு குறையும் தீரும்.

சுவரோரத்தில் மட்டும் சல்லியை மெல்லிசாக்குங்கள், அதன் மேல்மட்டம் சுவரின் அடிவிளிம்பை மூடக்கூடாது. தண்டவாளம் எப்போதும் கண்ணுக்குத் தெரிந்தால்தான் துருவும் அரிப்பும் தொடங்கும்போதே பிடிபடும். இன்னொரு காரணமும் இருக்கிறது. நீரில் விழும் விபத்துக்கு எதிராகத் தடாகச் சுவரையே வேலியாகக் கணக்கெடுக்கும் நகராட்சிகள் பல, குறைந்தது 1.2 மீற்றர் உயரம் கேட்கின்றன. 52 அங்குலச் சுவர் என்பது 132 சென்ரிமீற்றர். சுற்றிவர 15 சென்ரிமீற்றர் மண்ணும் கல்லும் ஏற்றினால் மிஞ்சுவது 117. அழகுபடுத்தப்போய் மூன்று வயதுப் பிள்ளைக்குப் படி கட்டிக் கொடுத்ததாகிவிடும். பெரிய பாறை, பூந்தொட்டி, பம்புப் பெட்டி எதையும் சுவரிலிருந்து 4 அடிக்குள் வைக்காதீர்கள். வேலி விதியை வேலைக்கு முன்பே உங்கள் நகராட்சியில் கேட்டுவிடுங்கள்.

அறிகுறி: சுவரின் அடியில் துரு

அடியிலிருந்து மேலே ஏறும் துருவென்றால் மண், மரப்பட்டைத் தூள், இலைச்சருகு ஏதோ ஒன்று சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. மரப்பட்டைத் தூளைச் சுவரிலிருந்து 3 அடிக்குள் போடவே கூடாது. அது நாட்கணக்கில் ஈரம் பிடித்து வைத்திருக்கும், எறும்புக்கும் வீடாகும். திருகாணிகளைச் சுற்றியும் ஸ்கிம்மரின் கீழும் வடிந்த கோடாக இருந்தால் அது தடாகத் தண்ணீர்க் கசிவு.

மேல்துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு மாற்றும் திராவகம் பூசி, காய்ந்தபின் துருத்தடுப்பு வர்ணம் இரண்டு தடவை அடியுங்கள். திருப்புளி முனையால் மெல்லக் குத்தும்போது உள்ளே போனால் வர்ணம் காப்பாற்றாது. சுவர் மாற்றும் காலம் வந்துவிட்டது.

சரிவான வளவில் தடாகத்தின் மேட்டுப் பக்கச் சுவரில் மண்ணை அணைத்து நிரப்பியிருந்தால் அதை எடுங்கள். இந்தச் சுவர் உள்ளிருந்து வரும் தண்ணீரின் தள்ளலுக்காகச் செய்தது. லைனர் மாற்றத் தண்ணீரை இறக்கும் நாளில் வெளியே நிற்கும் மண் சுவரை உள்ளே மடக்கிவிடும். மண்ணைத் தாங்கத் தனியாக ஒரு தடுப்புச் சுவர் கட்டி, அதற்கும் தடாகத்துக்கும் இடையே ஆள் நடக்க 2 அடியாவது விடுங்கள்.

அறிகுறி: புல் கருகுகிறது

கருகிய இடத்தின் வடிவத்தைப் பாருங்கள். பம்பின் பக்கத்திலிருந்து விசிறிபோல விரிந்தால் வடிகட்டி கழுவிய தண்ணீர். நீள்சதுரமாக இருந்தால் மூடுதுணியை மடித்துப் புல்லில் போட்ட இடம். வெயிலில் ஒரு பிற்பகல் போதும், அடியில் புல் வெந்துவிடும். சுற்றிவர ஒரே அகலத்துக்கு என்றால் தெறிப்பும் மிதியும் சேர்ந்தது. சாதாரண அளவுக் குளோரின் தெறித்துப் புல் சாவது அரிது. உப்பு முறைத் தடாகத்தில் 3,000 பிபிஎம் (லீற்றருக்கு 3 கிராம்) உப்பு இருக்கும், அது ஒவ்வொரு நாளும் தெறித்தால் களிமண்ணில் சேர்ந்துகொண்டே போகும்.

உப்புப் பட்ட இடத்துக்கு ஜிப்சம் தூவி, சில நாட்கள் நல்ல தண்ணீர் ஆழமாக விட்டுக் கழுவிவிட்டு, ஓகஸ்ட் கடைசியில் புது விதை போடுங்கள். வளையத்தின் வெளிப்பக்கம் செடி வேண்டுமென்றால் டேலிலி, சீடம், காள் ஃபோர்ஸ்டர் நாணற்புல் மூன்றும் இந்தக் குளிரையும் தெறிப்பையும் தாங்கும். முள்ளுள்ள ரோசா வெறுங்கால் நடக்கும் இடத்துக்கு வேண்டாம். லவெண்டர் தேனீயை அழைக்கும், ஏணியிலிருந்து தள்ளி நடுங்கள். வில்லோ, பொப்லர், சில்வர் மேப்பிள் மூன்றையும் பக்கத்தில் நடவே வேண்டாம். அவற்றின் வேர் ஈரத்தைத் தேடித் தடாகத்தடிக்கே வரும்.

அறிகுறி: தடாகத்துக்குள் காலில் கூரான மேடு தட்டுப்படுகிறது, வெளியே சல்லிக்குள் பளபளப்பான புல்

ஊரில் தோட்டம் செய்தவர்களுக்குக் கோரையைத் தெரியும். இங்கே முளைக்கும் மஞ்சள் கோரை அதன் ஒன்றுவிட்ட உறவு. தண்டைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து உருட்டிப் பாருங்கள்: உருளாமல் மூன்று விளிம்பு தட்டுப்பட்டால் அதுதான். சாதாரணப் புல்லின் தண்டு உருண்டையாகவோ தட்டையாகவோ இருக்கும். கோரையின் முளை ஊசிபோல. வடிகால் துணியையும் வைனில் லைனரையும் துளைத்துக்கொண்டு மேலே வரும்.

பிடுங்கினால் தண்டுதான் வரும், கிழங்கு மண்ணில் நின்றுவிடும். அதே கிழங்கு பல தடவை முளைக்கும். ஐந்தாறு இலை விடுமுன், இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை விடாமல் பிடுங்கிக்கொண்டே இருந்தால் கிழங்கு தளரும். சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி ஆரம்பித்து 10 அங்குல ஆழத்துக்கு மண்ணோடு அள்ளி எடுத்துக் குப்பைக்கு அனுப்புவது இன்னும் நிச்சயமான வழி. ஒன்ராறியோவில் அழகுக்காகக் களைநாசினி தெளிப்பது 2009 ஏப்ரல் 22 முதல் தடை. உப்புக் கொட்டலாம் என்றும் சிலர் சொல்வார்கள். அது சுவரைத்தான் தின்னும். உள்ளே மேடு வந்துவிட்டால் அதை மிதித்துத் தட்டையாக்காதீர்கள். துளை விழும்வரை காத்திருக்காமல் அடுத்த லைனர் மாற்றத்தில் கிழங்கைத் தோண்டி எடுத்து, மணலின் மேல் அரை அங்குல அடர்நுரைப் பலகை விரித்து, பொருத்துகளை ஒட்டி, அதன்மேல் லைனரைப் போடுங்கள்.

அறிகுறி: மழைக்குப் பிறகு தடாகம் பச்சையாகிறது, அடியில் பழுப்புப் புள்ளிகள்

புல்வெட்டி சருகைத் துப்பும் பக்கம் தடாகத்தைப் பார்க்காதபடி வெளிப்பக்கமாகத் திருப்பி வெட்டுங்கள். உரம் தூவும்போது 6 அடி விட்டுத் தூவுங்கள். உரத்தில் இருக்கும் பொஸ்பேற் பாசிக்கும் சாப்பாடு. இரும்புச் சத்துக் குருணை லைனரில் விழுந்தால் பழுப்புக் கறை.

அறிகுறி: குளிர்காலம் முடிந்ததும் தட்டைக்கற்கள் தூக்கி நிற்கின்றன

தென் ஒன்ராறியோவில் உறைபனி 1.2 மீற்றர் வரை இறங்கலாம் என்று கட்டடக்காரர்கள் கணக்கெடுப்பார்கள். அடியில் களிமண் தண்ணீரைப் பிடித்துவைத்திருந்தால் உறையும்போது அது விரிந்து கல்லைத் தூக்கும். ஏப்ரலில் பார்த்துவிட்டு உடனே கல்லைக் கழற்ற வேண்டாம். மே கடைசிக்குள் பாதி தானாக இறங்கிவிடும். இறங்காததை எடுத்து, 6 அங்குலம் வெட்டி, துணி விரித்து, தூளோடு கலந்த உடைகல்லை 2 அங்குலம் 2 அங்குலமாகப் போட்டுக் கையால் இடித்து, மேலே 1 அங்குலம் சுண்ணாம்புக்கல் தூள் பரப்பிக் கல்லை வையுங்கள். கல் தடாகத்துக்கு எதிர்ப்பக்கமாக, 4 அடிக்கு 1 அங்குலம் சரியட்டும்.

மர டெக் இருந்தால் அது தனியாகத் தன் தூண்களில் நிற்க வேண்டும். தடாகத்தின் மேல்விளிம்போடு ஆணி அடித்து இணைத்திருந்தால் டெக் உறைபனியில் ஒரு அங்குலம் எழும்பும்போது விளிம்பையும் சேர்த்துத் தூக்கும். கழற்றிவிட்டு, இடையில் ஒரு விரல் போகும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். அதற்கு மேல் விட்டால் பிள்ளையின் கால் சிக்கும்.